பெரியவர்கள் பண்ணைக்குப் போகலாம்: விலங்குகளைச் சந்திக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியவர்கள் பண்ணைக்குப் போவது பெரும்பாலும் குழந்தைகளை அழைத்துக்கொண்டுதான். ஓடாதே, கொம்பைப் பிடிக்காதே, கையைக் கழுவு என்று பிள்ளைகள் பின்னாலேயே திரிவதில் பொழுது கரைந்துவிடும். ஒரு மாட்டின் முகத்தை நின்று பார்க்கக்கூட நேரம் கிடைக்காது. இந்த வழிகாட்டி நீங்கள் உங்களுக்காகவே போகும் பயணத்துக்கானது.

விலங்குகள்மேல் ஆசை இருந்தும் 'இந்த வயதில் போய் என்ன' என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. உண்மையில் விலங்குகளோடு பழக முதலில் வேண்டியது பொறுமை. அது சிறுவர்களைவிடப் பெரியவர்களுக்கே கைவரும். பக்கத்தில் வருவதா வேண்டாமா என்று அந்த விலங்கு முடிவெடுக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இதை ஒட்டியவைதான்.

எந்தப் பண்ணை, எந்த நேரம்

பார்வையாளர்களுக்கென்றே நடத்தும் பண்ணைகள் உண்டு. பால் கறந்து விற்கும் பண்ணையில் முன்கூட்டிச் சொன்னால் அனுமதிப்பவர்கள் உண்டு. வயதான, கைவிடப்பட்ட விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகங்களும் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் காப்பகத்தையோ சிறிய பண்ணையையோதான் சொல்வேன். அங்கே ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பெயர் இருக்கும், அதன் குணம் தெரிந்த ஆளும் இருப்பார்.

தொலைபேசியில் பேசும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். புது ஆட்களிடம் பழகிய விலங்குகள் எவை? வேலிக்கு உள்ளே போகலாமா, வெளியே நின்றுதான் பார்க்க வேண்டுமா? அண்மையில் ஈன்ற தாய் ஏதாவது இருக்கிறதா? இவற்றுக்கு அவர் யோசித்து, விவரமாகப் பதில் சொன்னால் நல்ல இடம் என்று நம்பிப் போகலாம். 'எதை வேண்டுமானாலும் தொடலாம், தூக்கலாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்தால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

பால் கறப்பது வழக்கமாக அதிகாலையிலும் மாலையிலும் நடக்கும். அந்த நேரத்தில் போய் நின்றால் பண்ணைக்காரருக்கு இடைஞ்சல், மாடுகளுக்கும் பரபரப்பு. காலைத் தீனி முடிந்து ஓரிரு மணி நேரம் கழிந்த வேளைதான் சிறந்தது. மாடு ஒரு நாளில் ஏறக்குறைய 7, 8 மணி நேரம் அசைபோடும். வயிறு நிறைந்து, படுத்து, கண் பாதி மூடி அசைபோடும் மாடுதான் புது ஆளை ஏற்றுக்கொள்ளும் மனநிலையில் இருக்கும். வெயில் காலத்தில் நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். நிழல் தேடி ஒதுங்கிய விலங்கை நம் ஆசைக்காக எழுப்புவது நியாயமில்லை.

போய்ச் சேர்ந்ததும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மனிதர்கள் வேண்டாம் என்று நினைக்கும் விலங்கு ஒதுங்கிக்கொள்ள அங்கே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமான தண்ணீரும் ஈரமில்லாத படுக்கையும் அதற்கு அடுத்தவை. ஒதுங்க வழியில்லாமல் மூலையில் நின்று எல்லாக் கைகளையும் சகித்துக்கொண்டிருக்கும் குட்டிகளைப் பார்த்தால் தொடாமல் திரும்பிவிடுங்கள்.

கிளம்பும் முன் உங்கள் உடம்பு

கர்ப்பிணிகள் செம்மறியும் வெள்ளாடும் குட்டி ஈனும் காலத்தில் அந்தப் பட்டிகளுக்குப் போகவே கூடாது. ஈனும்போது வெளியேறும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் கியூ காய்ச்சல், டாக்சோபிளாஸ்மா, லிஸ்டீரியா போன்றவற்றின் கிருமிகள் இருக்கலாம். அவை கருவைப் பாதிக்கும். புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்களும், உறுப்பு மாற்று செய்துகொண்டு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஆஸ்துமா இருந்தால் வைக்கோல் தூசி மூச்சைப் பிடிக்கும்; இன்ஹேலர் கையில் இருக்கட்டும். டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டுகள் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மண்ணும் சாணமும் துருப்பிடித்த கம்பியும் உள்ள இடம் அது.

உங்களுக்கே சளி, காய்ச்சல் என்றால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். மனிதர்களிடமிருந்து பன்றிகளுக்கு ஃப்ளூ தொற்றும். நமக்கு நாலு நாள் தும்மலாகப் போவது ஒரு பட்டி முழுவதையும் படுக்க வைக்கலாம்.

என்ன உடுத்துவது, எதை விட்டுவிட்டுப் போவது

விரல் வெளியே தெரியாத, கழுவக்கூடிய காலணி அவசியம். ரப்பர் பூட்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. மாடு உங்களை மிதிக்க நினைக்காது. ஆனால் 500 கிலோவுக்கு மேல் எடையுள்ள உடம்பு சும்மா ஓரடி நகர்ந்தாலே கால் விரல் நசுங்கிவிடும். முழுக்கால் உடை போடுங்கள். தொங்கும் காதணி, கழுத்தில் ஆடும் துணி, நீண்ட கயிறு வைத்த பை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். வெள்ளாட்டின் வாய்க்கு எட்டாதது எதுவும் இல்லை. வாசனைத் திரவியம் பூச வேண்டாம். இந்த விலங்குகள் உங்களை முதலில் மூக்கால்தான் அறிந்துகொள்ளும்.

சாப்பாட்டுப் பொருள் எதையும் பட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் பதப்படுத்திய பன்றி இறைச்சியில்கூட மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். யாரோ வீசிய ஒரு துண்டு இறைச்சி ஒரு பண்ணையையே அழித்துவிடும். காலணி விஷயமும் அப்படித்தான். கோமாரி நோய் வைரஸ் காலணியிலும் உடையிலும் வண்டிச் சக்கரத்திலும் பயணம் செய்யும். 2001இல் பிரிட்டனில் அந்த நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொன்றார்கள். அதனால் வேறு பண்ணைக்குப் போய் வந்திருந்தால் சில நாள் இடைவெளி விட்டு, துவைத்த உடையிலும் கழுவிய காலணியிலும் போங்கள். வாசலில் கிருமிநாசினித் தொட்டி இருந்தால் நுனிக்காலை நனைத்துவிட்டுத் தாண்டாமல், முதலில் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துவிட்டுப் பிறகு நன்றாக முக்குங்கள். சேறு மூடியிருந்தால் மருந்து வேலை செய்யாது.

உள்ளே நுழைந்ததும்

வாயிற்கதவுகளைப் பொறுத்தவரை எல்லாப் பண்ணைகளிலும் ஒரே விதிதான்: திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விட்டுச் செல்லுங்கள். தண்ணீருக்குப் போகும் வழியாகக்கூட ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். அக்கறையோடு நீங்கள் மூடினாலும் விலங்குகள் தாகத்தில் தவிக்கும். மெல்லிய கம்பியோ வெள்ளைப் பட்டையோ கம்பங்களில் பிளாஸ்டிக் பிடிப்புகளோடு ஓடினால் அது மின்வேலி என்று எடுத்துக்கொண்டு விலகியே நில்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இன்னும் தள்ளி நிற்க வேண்டும்.

இப்போது உடனே உள்ளே போகாதீர்கள். வேலிக்கு வெளியே ஒரு பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். என் பார்வையில் இந்தப் பயணத்திலேயே மிக முக்கியமான பகுதி இதுதான், பெரும்பாலோர் தவறவிடுவதும் இதைத்தான். முதல் இரண்டு நிமிடம் எல்லாத் தலைகளும் உங்களை நோக்கித் திரும்பும். பிறகு ஒவ்வொன்றாகத் தங்கள் வேலைக்குத் திரும்பும். ஒன்றோ இரண்டோ மட்டும் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும், அல்லது இரண்டடி முன்னால் வந்து காதை விறைக்கும். உங்களைச் சந்திக்க விரும்புகிறவை அவைதான். பண்ணைக்காரரிடம் அவற்றைக் காட்டி, எப்படிப்பட்டவை என்று கேளுங்கள். எதன் கிட்டே போகக்கூடாது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உள்ளே போகும்போது வெளியேறும் வழி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். விலங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். நாயை அழைத்துப் போக வேண்டாம்.

மாடு

மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 330 டிகிரி பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. பின்னாலிருந்து வருகிறவர் அதற்குத் திடீரென்று முளைத்தவர் ஆகிவிடுவார், உதை விழும். நேர் எதிரே விறுவிறுவென்று வருகிறவரும் மிரட்டுவது போலத் தோன்றுவார். தோள்பக்கமாகச் சாய்வாக, மெதுவாக, ஏதாவது பேசிக்கொண்டே வாருங்கள். என்ன பேசினாலும் சரி, குரல் தாழ்ந்து ஒரே சீராக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாட்டையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை உண்டு. விலங்கு நடத்தை அறிஞர் டெம்பிள் கிராண்டின் கால்நடைக்காரர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வரும் விஷயம் இது. அந்த எல்லைக்குள் நீங்கள் கால் வைத்ததும் மாடு விலகும். வெளியே வந்தால் நின்று திரும்பிப் பார்க்கும். ஆளோடு பழகிய மாட்டுக்கு எல்லை கிட்டத்தட்ட இல்லாமலே போயிருக்கும். மேய்ச்சல் நிலத்திலேயே வளர்ந்ததற்குப் பல மீட்டர் இருக்கும். தலையை உயர்த்தி, எடையைப் பின்னங்காலுக்கு மாற்றினால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓரடி பின்வாங்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பார்வையைத் தரையில் போட்டு நில்லுங்கள். பின்வாங்கியதும் மாட்டின் ஆர்வம் பயத்தைத் தாண்டி வரும்.

வந்தால் முதலில் மூச்சு வரும். சூடான, பச்சைப் புல் வாசம் அடிக்கும் நீண்ட மூச்சு. புறங்கையைத் தாழ்வாக நீட்டி அசையாமல் இருங்கள். ஈரமான மூக்கு கையருகே வரும், பின்வாங்கும், மறுபடி வரும். அடுத்தது நாக்கு. அது உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். கையை வெடுக்கென்று இழுக்காமல் இருந்தால் நீங்கள் தேர்ச்சி பெற்றவர்.

இனித் தொடலாம். நெற்றியைத் தட்டாதீர்கள், நெற்றியில் அழுத்தம் பட்டால் பதிலுக்கு முட்டச் சொல்லும் அதன் உடம்பு. மாடுகள் ஒன்றையொன்று நக்கிக் கொடுக்கும் இடங்கள் கழுத்தின் பக்கமும் தாடைக்கு அடியும்தான். அங்கே விரல் நுனிகளால் சற்று அழுத்திச் சொறியுங்கள். அலைதாடியை உள்ளங்கையில் ஏந்தி மெல்லத் தேய்த்தால் பல மாடுகள் கழுத்தை நீட்டி, காதைத் தளர விட்டு, கண்ணைச் செருகி நின்றுவிடும். கையை எடுத்ததும் தலையால் லேசாகத் தள்ளிக் கேட்கிறதா, விலகிப் போகிறதா என்று பாருங்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் அது சொல்லும் பதிலுக்கு இணங்குங்கள். கண்ணின் வெள்ளை அதிகம் தெரிந்தாலோ, வால் விறைத்தாலோ, இடம்மாறி இடம்மாறி மிதித்தாலோ போதும் என்று பொருள்.

படுத்திருக்கும் மாட்டின் அருகே உட்காரலாம், பண்ணைக்காரர் சரி என்றால். தோளுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், முகத்துக்கு நேர் எதிரே வேண்டாம். மாடு எழும்போது தலையை முன்னால் வீசி, அந்த வேகத்தில் முதலில் பின்னுடம்பைத் தூக்கும். எதிரே இருந்தால் முகத்தில் அடி விழும். கொம்புள்ள மாடு ஈ விரட்டத் தலையைத் திருப்பினாலே கொம்பு வீசும் தூரம் பெரிது, அதற்கும் இடம் விடுங்கள். நெதர்லாந்தில் மாட்டின்மேல் சாய்ந்து மணிக்கணக்காக உட்காருவதற்கென்றே பண்ணைகளுக்குப் போகிறார்கள். அந்தப் பெரிய உடம்பின் வெப்பம் 38.5 டிகிரி அளவில், நம்முடையதைவிடச் சற்று அதிகம். அசைபோடும் சத்தம் காதருகே சீராகக் கேட்கும். ஒரு கவளம் தொண்டை வழியாக மேலேறி வருவதைக் கழுத்துத் தோலின் மேலேயே பார்க்கலாம்.

கன்றோடு இருக்கும் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், அது எவ்வளவு சாதுவான மாடாக இருந்தாலும். காளையின் பட்டிக்குள் நுழையவே கூடாது. தலையைத் தாழ்த்தி, உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, தரையைக் காலால் கீறினால் அது எச்சரிக்கை. ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்னால் நகர்ந்து வேலிக்கு வெளியே வந்துவிடுங்கள்.

வெள்ளாடும் செம்மறியும்

இரண்டையும் ஒரே மாதிரி அணுகக்கூடாது. வெள்ளாடு தானே வந்து உங்கள் சட்டைப் பொத்தானை உதட்டால் பரிசோதிக்கும். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிரித்த முகத்தின் படத்தையும் கோபமான முகத்தின் படத்தையும் வைத்தபோது வெள்ளாடுகள் சிரித்த முகத்தையே அதிகம் நாடின. எனவே முகத்தைத் தளர்வாக வைத்துக்கொள்வது வீண் போகாது. தோளுக்குப் பின்னும் முதுகுத்தண்டின் இருபுறமும் சொறிந்தால் உடம்பை வளைத்துச் சாய்ந்துகொள்ளும். விளையாட்டாகக்கூட நெற்றியில் கைவைத்துத் தள்ளாதீர்கள். குட்டியில் அப்படிப் பழகியது வளர்ந்தபின் அடுத்து வருகிறவரைக் கீழே தள்ளும். இனச்சேர்க்கைக் காலத்துக் கிடாவைத் தொடவே வேண்டாம். தன் சிறுநீரைத் தானே தாடியிலும் முன்னங்காலிலும் தெளித்துக்கொண்டிருக்கும். அந்த வாடை கையை விட்டுச் சீக்கிரம் போகாது.

செம்மறி நம்மைக் கண்டதும் ஒதுங்கும். அதற்கு முகம் தெரியாது, புத்தி குறைவு என்று நினைத்தால் தவறு. 50 செம்மறிகளின் முகங்களை 2 ஆண்டுகளுக்குப் பிறகும் அவை நினைவில் வைத்திருந்ததைக் ஆய்வாளர் கெய்த் கெண்ட்ரிக்கும் அவருடைய குழுவினரும் 2001இல் காட்டினார்கள். மந்தையைத் துரத்தி ஒன்றைப் பிடிப்பது அதற்குப் பெரும் பயம். தனியாகப் பிரிந்த செம்மறி தவித்துப்போகும். பட்டியின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள். மந்தையில் துணிச்சலான ஒன்று முதலில் வரும், அது பத்திரமாக நிற்பதைப் பார்த்து மற்றவை வரும். தாடைக்கு அடியிலும் நெஞ்சிலும் தடவுங்கள். கம்பளியைப் பிடித்து இழுக்காதீர்கள், வலிக்கும்.

குதிரை, கழுதை, பன்றி

குதிரையின் மூக்கைத் தொடத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் நெற்றிக்கு நேர் எதிரேயும் மூக்குக்குக் கீழேயும் அதற்குப் பார்வை கிடையாது, அங்கே வரும் கை அதைத் திடுக்கிட வைக்கும். இடத்தோளை நோக்கிச் சாய்வாக வந்து, கழுத்திலோ பிடரி மயிர் முடியும் இடத்திலோ சொறியுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துவிடுவது அங்கேதான். காதுகள் பின்னால் படிந்து ஒட்டினால் விலகுங்கள். கழுதை பயந்தால் ஓடுவதற்குப் பதில் அப்படியே உறைந்து நிற்கும். அதைப் பிடிவாதம் என்று எண்ணி இழுக்காமல் யோசிக்க விடுங்கள்.

பன்றி உங்கள் காலணிக் கயிற்றை முதலில் பார்க்கும். எதையும் வாயால் சோதிக்கும் விலங்கு என்பதால் விரல்களை அதன் முகத்தருகே நீட்ட வேண்டாம். காதுக்குப் பின்னால் சொறிந்து, மெல்ல வயிற்றுக்குக் கையைக் கொண்டுபோனால் நன்கு பழகிய பன்றி பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். குட்டிகளோடு இருக்கும் தாய்ப்பன்றியிடம் நெருங்கவே கூடாது.

கோழிகள்

நின்றுகொண்டிருக்கும் மனிதன் கோழிக்கு மிக உயரம். குந்தி உட்காருங்கள், அவை உங்களைச் சுற்றிக் கிளறத் தொடங்கும். ஒரு கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உங்களைப் பார்க்கும், பிறகு திரும்பி மற்றக் கண்ணால் பார்க்கும். இரு கண்களும் பக்கவாட்டில் இருப்பதால் கூர்ந்து பார்க்க அதற்கு அதுதான் வழி. வெயில் படும் மண் குழி ஒன்று அருகே இருந்தால் காத்திருங்கள். கோழி அதில் பக்கவாட்டில் சரிந்து, காலால் மண்ணை உதைத்து இறகுகளுக்குள் ஏற்றி, கண்மூடிச் சற்று நேரம் அசையாமல் கிடக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவார்கள். இறகின் எண்ணெய்ப் பசையையும் பேனையும் போக்க அது குளிக்கும் குளியல் அது. கடைசியில் எழுந்து ஒரே உதறில் மண்ணையெல்லாம் உங்கள் மேல் தூவிவிட்டுப் போகும்.

தூக்குவதானால் இரு கைகளாலும் இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடித்து, மார்பை உள்ளங்கையில் தாங்கி, கக்கத்தில் அணைத்துக்கொள்ளுங்கள். இறுக்கக்கூடாது. பறவைகளுக்கு நமக்கிருப்பது போன்ற உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. முகத்தோடு வைத்துக் கொஞ்சவோ முத்தமிடவோ வேண்டாம், பார்க்க நலமாக இருக்கும் கோழியிடமும் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

தீனி கொடுப்பதானால்

பண்ணைக்காரர் கையில் கொடுத்ததை மட்டும், அவர் சொன்ன அளவு மட்டும். அன்பு மிகுதியால் அள்ளிப்போடும் தானியம் ஆடு மாடுகளின் வயிற்றில் புளித்து அமிலமாகி உயிரையே எடுக்கும். மாட்டுக்கான கலப்புத் தீவனத்தில் உள்ள தாமிரம் செம்மறிக்கு நஞ்சாகலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போன தவறு வெளியே வராது. கொடுக்கும்போது உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டை விரலைப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கூட்டத்தின் நடுவில் நின்று கொடுத்தால் ஒன்றையொன்று முட்டித் தள்ளும். அதில் அடிபடுவது நீங்களும் வலுவில்லாத விலங்கும்தான். வேலிக்கு வெளியிலிருந்து கொடுங்கள்.

திரும்பும்போதும் அதன் பிறகும்

சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 20 விநாடி கை கழுவுங்கள். சானிடைசரை நம்பாதீர்கள். அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது, வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியத்தை அது கொல்லவும் கொல்லாது. கழுவாத கையால் தொட்ட கைபேசியையும் துடைத்துவிடுங்கள். காலணியின் சாணத்தைப் பண்ணையிலேயே தேய்த்துக் கழுவுங்கள். கறந்த பாலை அன்போடு நீட்டினாலும் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். புருசெல்லா போன்ற கிருமிகள் பச்சைப் பாலில் வரும். வீடு திரும்பியதும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, கக்கம், காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் வயிற்றுப்போக்கு வந்தால், அதிலும் இரத்தம் கலந்து வந்தால், நீங்களாக மாத்திரை போட்டு நிறுத்தப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். ஈ.கோலை ஓ157 போன்ற கிருமிகள் பெரும்பாலும் 3, 4 நாட்களில் வெளிப்படும், சிறுநீரகத்தையும் தாக்கும். ஆடுகளோடு இருந்துவிட்டு வந்த இரண்டு மூன்று வாரத்தில் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலும் இதே கவனம் வேண்டும். பண்ணைக்குப் போய் வந்ததையும், எந்த விலங்கைத் தொட்டீர்கள் என்பதையும் மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்; என்ன பரிசோதனை செய்வது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.